2003இல் வாங்கிய டிஸ்னி டிக்கட் இன்னும் செல்லுமா? புது டிக்கட்டை எப்போது எடுப்பது?

கொட்டகலைப் பெண்:

வணக்கம். விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள். வருகிற ஆகஸ்ட் லீவுக்கு நானும் அவரும் பிள்ளைகள் இரண்டு பேரும் டொரொண்டோவில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போகிறோம். கனடா விசா கைக்கு வந்துவிட்டது. அங்கிருந்து அக்கா குடும்பத்தோடு காரில் புளோரிடா போய், ஓர்லாண்டோவில் வால்ட் டிஸ்னி வேர்ல்ட் பார்க்கலாம் என்று பேச்சு. ஆனால் அமெரிக்க விசாவுக்கு இன்னும் இண்டர்வியூ நடக்கவில்லை, அவருடைய லீவும் இன்னும் உறுதியாகவில்லை, அதனால் எந்தத் திகதியில் அங்கே நிற்போம் என்று இப்போது சொல்ல முடியாது.

இதில் இன்னொரு கதை இருக்கிறது. பெரியப்பா கனடா போய்க் கொஞ்சக் காலத்தில், 2003இல், நான்கு டிக்கட் வாங்கியிருக்கிறார். எல்லாமே "4 நாள் பார்க் ஹாப்பர்" என்று அச்சடித்த கெட்டி அட்டை, பின்பக்கம் கறுப்புப் பட்டை இருக்கிறது. அவரும் பெரியம்மாவும் இரண்டு நாள் மட்டும் போய் வந்தார்கள், மற்ற இரண்டு நாள் அப்படியே கிடக்கிறது. மற்ற இரண்டு டிக்கட்டும் இங்கிருந்து வரவிருந்த சித்தப்பாவுக்கும் அவருடைய மகனுக்கும் எடுத்தது. ஒன்று பெரியவருக்கு, ஒன்று சிறுவருக்கு. அவர்களுக்கு விசா கிடைக்கவில்லை, அந்த இரண்டையும் யாரும் தொடவே இல்லை. பெரியப்பா இத்தனை வருஷமும் பத்திரமாக வைத்திருந்து இப்போது "பிள்ளைகள் போகட்டும்" என்று எடுத்துக் கொடுத்திருக்கிறார். பெரியம்மா இப்போது இல்லை.

இவை இன்னும் செல்லுமா? அக்காவின் கணவர் எல்லாம் காலாவதி ஆகியிருக்கும் என்கிறார். அப்புறம் கொழும்பில் ஒரு ஏஜன்ட் இருக்கிறார், விலை ஏறப் போகிறது, இப்போதே நான்கு பேருக்கும் புது டிக்கட் எடுங்கள் என்று தினமும் போன் எடுக்கிறார். மகளுக்கு 12 வயது, மகனுக்கு 8. எங்களுக்கு இது சின்னக் காசு இல்லை, அதனால்தான் விவரமாகக் கேட்கிறேன்.

கண்டி டிராவல்ஸ்:

தங்கச்சி, அந்த அட்டைகளை யாரும் குப்பையில் போட்டுவிடாமல் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். நான் கண்டியில் டிராவல் வேலையில் பல வருஷம் இருந்தவன், இந்தக் கேள்வி வெளிநாட்டில் சொந்தக்காரர்கள் உள்ள குடும்பங்களிலிருந்து நிறைய வரும்.

டிஸ்னி வேர்ல்டில் 2005 ஜனவரி ஒரு பெரிய கோடு. அதற்கு முன்னால் விற்ற பல நாள் டிக்கட்டுகளில், அட்டையிலேயே முடிவுத் திகதி அச்சடித்திருந்தால் தவிர, பயன்படுத்தாத நாட்கள் காலாவதியாகாது. 2005இல் "மேஜிக் யுவர் வே" என்று புது முறை வந்தது. அதிலிருந்து முதல் நாள் உள்ளே போனதும் 14 நாள் கணக்கு ஓட ஆரம்பிக்கும், அதற்குள் முடிக்காத நாட்கள் போய்விடும். காலாவதி வேண்டாம் என்றால் தனியாகக் காசு கட்டி அந்த வசதியை வாங்க வேண்டும். 2015இல் அந்த வசதியையும் எடுத்துவிட்டார்கள். அக்காவின் கணவர் சொல்வது இன்றைய டிக்கட்டுகளுக்குச் சரி, உங்களுடையது 2003. அட்டையின் இரண்டு பக்கமும் சின்ன எழுத்தைப் படித்துப் பாருங்கள், திகதி எதுவும் இல்லையென்றால் அவை செல்லும்.

ஆனால் செல்லும் என்பதும் யாருக்குச் செல்லும் என்பதும் வேறு வேறு. ஒரு டிக்கட்டின் எல்லா நாட்களையும் ஒரே ஆள்தான் பயன்படுத்த வேண்டும், இது அந்தக் காலத்திலிருந்தே உள்ள விதி. பெரியப்பா இரண்டு நாள் போன டிக்கட்டில் மிச்ச நாள் அவருக்கு மட்டும்தான் உரியது, உங்கள் கணவர் அதில் போக முடியாது. பெரியம்மாவின் டிக்கட்டையும் வேறு யாரும் பயன்படுத்த முடியாது. சொல்லவே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் அங்கே வாசலில் நின்று தெரிந்துகொள்வதைவிட இப்போது தெரிந்துகொள்வது நல்லது. நுழையும் இடத்தில் விரல் வைக்கச் சொல்வார்கள், ஆளை மாற்றி அனுப்பும் யோசனையை யார் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

யாரும் தொடாத இரண்டு டிக்கட்தான் உங்கள் பிள்ளைகளுக்குக் கிடைத்த பாக்கியம். டிஸ்னியில் 3 முதல் 9 வயது வரை சிறுவர் டிக்கட், 10 வயதிலிருந்து பெரியவர் டிக்கட், 3 வயதுக்குக் கீழே டிக்கட்டே வேண்டாம். சிறுவர் டிக்கட் 8 வயது மகனுக்கு அப்படியே பொருந்தும், பெரியவர் டிக்கட் 12 வயது மகளுக்கு. ஒருவேளை பயணம் இரண்டு வருஷம் தள்ளிப்போய் மகனுக்குப் 10 ஆகிவிட்டாலும் அந்த அட்டை வீணில்லை, வித்தியாசக் காசு கேட்டால் அதைக் கட்டிப் பெரியவர் டிக்கட்டாக மாற்றலாம்.

இப்போதே செய்ய வேண்டியது, ஒவ்வோர் அட்டையின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தெளிவாகப் படம் எடுத்து அக்காவிடம் ஒரு பிரதி, உங்களிடம் ஒரு பிரதி வையுங்கள். பின்னால் உள்ள நீண்ட இலக்கம்தான் முக்கியம். பட்டை தேய்ந்து மெஷின் படிக்காவிட்டாலும் அந்த இலக்கத்தை வைத்துத் தேடுவார்கள். அந்தப் படத்தை முகநூலில் மட்டும் போட வேண்டாம்.

பதுளைக்காரன்:

கண்டி அண்ணன் பழைய டிக்கட்டைச் சொல்லிவிட்டார், நான் புதிதைச் சொல்கிறேன் அக்கா, ஏனென்றால் உங்கள் இரண்டு பேருக்கும் எப்படியும் புதிதாக எடுக்கத்தான் வேண்டும்.

2018 அக்டோபரிலிருந்து டிஸ்னி வேர்ல்டில் விலை திகதியைப் பொறுத்தது. வாங்கும்போதே எந்தத் திகதியில் ஆரம்பிக்கிறீர்கள் என்று கேட்பார்கள், கூட்டமான நாளுக்கு ஒரு விலை, ஆள் குறைந்த நாளுக்கு வேறு விலை. அந்தத் திகதியிலிருந்து குறிப்பிட்ட நாட்களுக்குள் முடிக்க வேண்டும். ஒரு நாள் டிக்கட் அந்த ஒரு நாளுக்குத்தான். 2 நாள் டிக்கட்டை 4 நாளுக்குள், 4 நாள் டிக்கட்டை 7 நாளுக்குள், 10 நாள் டிக்கட்டை 14 நாளுக்குள் பயன்படுத்தலாம். இடையில் ஓய்வு எடுக்கலாம், அது நல்ல விஷயம், ஆகஸ்ட் மாத புளோரிடா வெயில் கொட்டகலைக் குளிரில் வளர்ந்த பிள்ளைகளுக்குச் சும்மா இல்லை. இந்தத் திகதி விலை வந்தபோதே கூடக் காசு கட்டினால் எந்த நாளிலும் ஆரம்பிக்கக்கூடிய டிக்கட் ஒன்றையும் கொண்டுவந்தார்கள். அதில் முதல் நாளிலிருந்து 14 நாள், ஆனால் அதற்கும் கடைசித் திகதி ஒன்று உண்டு. பழைய டிக்கட் மாதிரி 20 வருஷம் அலமாரியில் வைக்க முடியாது.

போக முடியாமல் போனால் என்ன ஆகும் என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி. காசைத் திருப்பித் தர மாட்டார்கள். ஆனால் ஒரு நாள்கூடப் பயன்படுத்தாத டிக்கட் என்றால், திகதி தாண்டியிருந்தாலும், கட்டிய தொகையைப் பின்னால் வாங்கும் புது டிக்கட்டில் கழிப்பார்கள், அன்றைய விலையில் வித்தியாசத்தை நீங்கள் போட வேண்டும். ஒரு நாள் பயன்படுத்திவிட்டு மிச்சத்தை விட்டால் அந்த மிச்சம் அவ்வளவுதான். திகதி தாண்டும் முன்பே போக முடியாது என்று தெரிந்தால் அவர்களுடைய ஆப்பிலேயே திகதியை மாற்றலாம், அங்கேயும் விலை வித்தியாசம் உண்டு.

இதெல்லாம் அடிக்கடி அமெரிக்கா போகிறவனுக்குப் போதும். நமக்குப் போதாது. விசா மறுத்தால் அந்தக் காசு அடுத்த தடவை எப்போது போவோமோ அதுவரை டொலரில் அங்கே கிடக்கும், இங்கே வீட்டில் எத்தனை தேவை இருந்தாலும் எடுக்க முடியாது. விசா கைக்கு வரும் முன்னால் பயண டிக்கட் எதையும் எடுக்க வேண்டாம் என்று அமெரிக்கத் தூதரகமே சொல்கிறது. உங்கள் சித்தப்பாவுக்கு நடந்ததே போதுமான பாடம். ஏஜன்டிடம் "விசா வரட்டும், பேசலாம்" என்று சொல்லிவிட்டு போனை வையுங்கள்.

பண்டாரவளை மாமா:

தம்பி சொல்வதை முழுதாக ஒத்துக்கொள்ள முடியவில்லை. 2022 மார்ச் மாதம் ஆரம்பத்தில் டொலர் 200 ரூபா அளவில் இருந்தது, மே மாதம் 360 அளவுக்குப் போனது. அப்போது வெளிநாட்டுப் பயணத்துக்கு முன்கூட்டியே காசு கட்டியவர்கள் தப்பினார்கள், பிறகு பார்ப்போம் என்று ரூபாவில் வைத்திருந்தவர்கள் பயணத்தையே கைவிட்டார்கள். என் பக்கத்து வீட்டிலேயே பார்த்தேன். அதனால் ஏஜன்ட் சொல்வதில் ஒரு நியாயமும் இல்லை என்று ஒதுக்கிவிட முடியாது. டிக்கட் விலையும் வருஷத்துக்கு வருஷம் ஏறத்தான் செய்கிறது.

பதுளைக்காரன்:

மாமா, அந்தப் பயம் நியாயம்தான், 2022ஐ யாரும் மறக்கவில்லை. ஆனால் அக்காவின் சொந்த அக்கா டொரொண்டோவில் இருக்கிறாரே. டொலர் ஏறும் என்ற பயத்துக்குத் திகதி போட்ட டிக்கட்டில் காசை முடக்க வேண்டுமா? விசா கிடைத்த அன்றே அங்கிருந்து அவர் கார்டில் எடுக்கட்டும், இவர்கள் போனதும் கணக்குத் தீர்த்துக்கொள்ளலாம். விலை கொஞ்சம் ஏறினாலும், ஏறின அளவுதான் நஷ்டம், முழுக் காசும் மாட்டிக்கொள்ளாது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். கனடாவில் வசிப்பவர்களுக்கென்று டிஸ்னி சில காலங்களில் தனியாகக் குறைந்த விலை டிக்கட் போடும். டொரொண்டோ அக்கா ஆசையாக உங்கள் இரண்டு பேருக்கும் அதை எடுத்துவிடக் கூடாது, பெரியவர்களிடம் கனடாவில் வசிப்பதற்கான அத்தாட்சி கேட்பார்கள், உங்கள் கையில் இருப்பது இலங்கைப் பாஸ்போர்ட்.

அட்டன் டீச்சர்:

வெளிநாட்டு டிஸ்னி பற்றி நான் பேச வரவில்லை, ஆனால் டிக்கட்டும் திகதியும் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை, இங்கே உள்ள பாடசாலைகளுக்கும் இது உதவும்.

போன வருஷம் எங்கள் பிள்ளைகளைக் கொழும்புப் பக்கம் ஒரு நீர்ப் பூங்காவுக்குக் கூட்டிப்போக ஏற்பாடு செய்தோம். தோட்டத்துப் பெற்றோர் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கொடுத்த காசு, முழுத் தொகையையும் முன்கூட்டியே கேட்டார்கள், கட்டினோம். புறப்பட வேண்டிய நாளுக்கு முந்தின இரவு கினிகத்தேனைப் பக்கம் மண் சரிந்து பாதை மூடிவிட்டது. மழைக்காலத்தில் கித்துல்கலை வழிப் பாதை எப்படி என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் போன் எடுத்தால், உங்கள் பக்கம் பாதை மூடினால் நாங்கள் என்ன செய்வது, இங்கே பூங்கா திறந்துதான் இருக்கிறது என்றார்கள். குழுக் கட்டணத்துக்குத் திகதி மாற்றம் உண்டு என்று காசு வாங்கும்போது வாயால் சொன்னது யாருக்கும் நினைவில்லை. கடைசியில் பிரதேச செயலகத்தில் பாதை மூடியதற்குக் கடிதம் வாங்கி அனுப்பி, பல தடவை பேசி, வேறொரு நாள் கொடுத்தார்கள், அதுவும் வாரநாள். சில பிள்ளைகள் வர முடியவில்லை. அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்கு மனமே இல்லை.

அதனால் நான் கேட்டுக்கொள்வது, உள்ளூர் இடமானாலும் சரி, வெளிநாடானாலும் சரி, நாம் வரும் பாதை மூடினால் என்ன, அவர்கள் பூங்கா மூடினால் என்ன, மழையால் விளையாட்டுகள் பாதியில் நின்றால் என்ன, இந்த மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஒரு வாட்ஸ்அப் செய்தியானாலும் போதும். குழுவாகப் போகிறவர்கள் முழுத் தொகையைக் கட்டாமல் முற்பணம் மட்டும் கட்டப் பேரம் பேசுங்கள். பெரும்பாலான இடங்கள் முதலில் இல்லை என்று சொல்லிவிட்டுப் பிறகு ஒத்துக்கொள்ளும்.

கண்டி டிராவல்ஸ்:

டீச்சர் சொன்ன மூன்று கேள்வியும் டிஸ்னிக்கும் அப்படியே பொருந்தும். புளோரிடாவில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிக் காலம், ஆகஸ்ட் அதன் நடுவில் வருகிறது. நீங்கள் போய்ச் சேர வேண்டிய நாளுக்கு 7 நாளுக்குள் ஓர்லாண்டோ பகுதிக்கோ நீங்கள் வசிக்கும் இடத்துக்கோ சூறாவளி எச்சரிக்கை விடப்பட்டால், டிஸ்னியில் நேரடியாகப் பயணப் பேக்கேஜோ ஹோட்டல் அறையோ எடுத்தவர்கள் பெரும்பாலும் டிஸ்னியின் அபராதம் இல்லாமல் பயணத்தைத் தள்ளிப் போடலாம் அல்லது இரத்துச் செய்யலாம். இது அவர்களே எழுதி வைத்திருக்கும் விதி. 2024 அக்டோபரில் மில்டன் சூறாவளி வந்தபோது பூங்காக்களையே மூடினார்கள். நேரடியாக எடுப்பதற்கும் ஏஜன்டிடம் எடுப்பதற்கும் வித்தியாசம் இந்த மாதிரி நாளில்தான் தெரியும், ஏஜன்டிடம் எடுத்தால் அவருடைய விதியும் கூட வந்து சேரும். அப்படியும் ஏஜன்டிடம் எடுக்க நேர்ந்தால், வெறும் ரசீதை வாங்கிக்கொண்டு வராமல், டிஸ்னி ஆப்பில் உங்கள் பெயரில் சேர்க்கக்கூடிய உறுதி இலக்கம் கேளுங்கள். அது ஆப்பில் ஏறினால்தான் டிக்கட் இருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொரு விஷயம். தங்கச்சியின் பிள்ளைகளிடம் இருப்பது பார்க் ஹாப்பர், அதாவது ஒரே நாளில் மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவூட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம் என்று ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறிப் போகலாம். நீங்கள் இரண்டு பேரும் சாதாரண டிக்கட் எடுத்தால் உங்களுக்கு ஒரு நாளுக்கு ஒரு பூங்காதான். பிள்ளைகளைத் தனியாக அடுத்த பூங்காவுக்கு அனுப்ப முடியாது. 4 பூங்கா, 4 நாள், ஒரு நாளைக்கு ஒன்று என்று போட்டால் ஹாப்பருக்குக் கூடக் காசு கட்டத் தேவையே இல்லை. முதல் தடவை போகிறவர்களுக்கு ஒரு பூங்காவைச் சரியாகப் பார்க்கவே ஒரு நாள் பத்தாது.

கொட்டகலைப் பெண்:

எல்லோருக்கும் மனம் நிறைந்த நன்றி. அட்டைகளை எடுத்துப் படித்துப் பார்த்தோம், எதிலும் முடிவுத் திகதி இல்லை. பெரியப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன், அவருடைய மிச்ச நாளில் நாங்கள் போக முடியாது என்றதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அப்படியென்றால் நானே வருகிறேன் என்கிறார்! 76 வயது, முழங்கால் வலி, ஆனாலும் பிள்ளைகளோடு இரண்டு நாள் வருவாராம். அக்காவுக்கும் சந்தோஷம். பெரியம்மாவின் அட்டையை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டோம்.

ஏஜன்டிடம் விசா வந்த பிறகு பார்க்கலாம் என்று சொல்லியாகிவிட்டது, அதற்குப் பிறகு போன் வரவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் 4 நாள் டிக்கட், விசா வந்ததும் அக்கா எடுப்பார்.

ஒரே ஒரு கேள்வி. பழைய அட்டையை நேரே வாசலில் நீட்டினால் போதுமா, இல்லை வேறு எங்காவது காட்ட வேண்டுமா? பெரியப்பாவை வெயிலில் அதிக நேரம் நிற்க வைக்க முடியாது.

கண்டி டிராவல்ஸ்:

வாசலில் நீட்டினால் வேலைக்கு ஆகாது தங்கச்சி, அதை இன்றைய முறைக்கு மாற்ற வேண்டும். கெஸ்ட் ரிலேஷன்ஸ் என்ற கவுண்டரில் கொடுத்தால் அட்டையில் எத்தனை நாள் மிச்சம் என்று பார்த்துப் புது அட்டை தருவார்கள். ஒவ்வொரு பூங்கா வாசலிலும் அந்தக் கவுண்டர் உண்டு, ஆனால் காலையில் கூட்டம் நெரியும். டிஸ்னி ஸ்பிரிங்ஸ் என்று கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் உள்ள ஓர் இடம் அங்கேயே இருக்கிறது, அதற்குள் போக டிக்கட் வேண்டாம், கார் நிறுத்தவும் காசில்லை. அங்கேயும் ஒரு கவுண்டர் இருக்கிறது. ஓர்லாண்டோ போய்ச் சேர்ந்த நாள் மாலையிலேயே பெரியப்பாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, எல்லோருடைய பாஸ்போர்ட்டோடு, அங்கே போய் முடித்துவிடுங்கள்.

அப்போதே இன்னொன்றையும் கேளுங்கள். கொரோனாவுக்குப் பிறகு எந்தப் பூங்கா, எந்த நாள் என்று முன்பதிவு செய்தால்தான் உள்ளே விட்டார்கள். 2024 ஜனவரி 9 முதல் திகதி போட்ட டிக்கட்டுகளுக்கு அது வேண்டாம் என்று எடுத்துவிட்டார்கள், உங்கள் இரண்டு பேருக்கும் பிரச்சினை இல்லை. திகதி இல்லாத டிக்கட்டுகளில் சில வகைகளுக்கு இன்னும் கேட்பதுண்டு, பிள்ளைகளுடையதும் பெரியப்பாவுடையதும் அந்த ரகம். தேவையென்றால் அந்தக் கவுண்டரிலேயே ஐந்து பேருக்கும் ஒரே நாள், ஒரே பூங்கா வருகிற மாதிரிப் போட்டுத் தரச் சொல்லுங்கள். பெரியப்பாவுக்குச் சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும், பூங்காவுக்குள் நுழைந்ததும் முதலில் அதை எடுத்துவிடுங்கள், நேரம் போனால் தீர்ந்துவிடும்.